எம்.டெக்.குக்குப் பின்னால் இடமில்லை

மணிக்கட்டுவரை உள்ளே போய்விட்ட கை தகரத்தின் மூலை மூலையாகத் துழாவுகிறது, ஒன்றுமில்லை, நேற்றும் இல்லை, முந்தாநாள் பீட்சாக் கடை நோட்டீஸாவது இருந்தது, பூரணி குனிந்து தபால்பெட்டியின் இருட்டுக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்கிறாள், கடிதம் கூச்சப்பட்டு ஓரமாக ஒதுங்கி நிற்கும் என்பதுபோல, பின்னால் தள்ளுவண்டியில் இரண்டு வயது இதழினி காலை உதைத்து அம்மா வா வா என்கிறாள், இருடா தங்கம், இன்னைக்கு வந்தே தீரணும், ஏனென்றால் இன்று வெள்ளிக்கிழமை, வரும் திங்கள் ஒன்றாம் தேதி, இந்த லைப்ஸிக் நகரத்து மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் வேலைக்குச் சேர வேண்டிய நாள், குழந்தைக்குக் காப்பகத்தில் இடம் கிடைத்த தாளோடு வாருங்கள், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சிரித்தபடியேதான் சொன்னார்கள், இந்த ஊரில் கெட்ட சேதியைச் சிரித்துக்கொண்டும் நல்ல சேதியை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும் சொல்கிறார்கள், காப்பகத்திலோ முடிவு தபாலில்தான் வரும் என்றார்கள், சொல்லி ஆறு வாரம் ஆகிறது.

ஆறு வாரமாக இதே பெட்டி, இதே கை, காலையில் அசந்த நேரத்தில் வரும் கனவிலும் இதே பெட்டிதான், அதில் விருதுநகர் போஸ்ட்மேன் பனியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு சார் போஸ்ட் என்று கத்துகிறார், வெறும் பூரணி, கரண்டு ஆபீஸ் குவார்ட்டர்ஸ் என்று எழுதியிருந்தாலே வீடு தேடி வந்து, பாப்பா பாஸாமே, ஸ்வீட் எங்க என்று கேட்டவர், அவரிடம் ஓடுகிறாள், அவர் இவளைத் தாண்டிப் போகிறார், யாரும்மா நீ என்கிறார், விழித்தால் அடுக்களையில் அருள்செல்வன் காபி கலக்கிக்கொண்டிருக்கிறான், ஏங்க, நேர்ல போய்க் கேட்டா என்ன, என்கிறாள், கேக்கலாம்தான், ஆனா ஞானசுந்தரம் சார் என்ன சொன்னாரு, என்கிறான், ஞானசுந்தரம் சார் நகரத்துத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர், எந்த வாக்கியத்தையும் நான் இந்த மண்ணுல பதினெட்டு வருஷமா இருக்கேன் என்றுதான் தொடங்குவார், சித்திரை விழாவில் கேசரித் தட்டோடு நின்றவளிடம், நாமளா போய் நின்னா நம்ம மதிப்பு இறங்கிடும்மா, கடிதம் தானா வரும், இங்க எல்லாமே சிஸ்டம் என்றார், அந்தப் பதினெட்டு வருஷத்தில் அவர் தானாகப் போய்க் கேட்டு வாங்கியது மைக் ஒன்றுதான் என்று அவர் மனைவியே பக்கத்தில் முணுமுணுத்தாள், பூரணி சிரித்தாள், சிரித்துவிட்டுக் காத்திருந்தாள், அதுதான் தப்பு.

இல்லை, தப்பு அதற்கும் முன்னால், வந்த முதல் வாரத்திலேயே நடந்தது, இதே பெட்டிமுன் நிற்கிறார்கள், பத்து வீட்டுக்குப் பத்துப் பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு விரல் அகலக் கண்ணாடிச் சட்டம், மற்றவர்கள் கிழித்த தாளில் பேனாவால் பேரைக் கிறுக்கிச் செருகியிருக்கிறார்கள், அருள்செல்வனோ சிவகாசியில் கல்யாணப் பத்திரிகை அச்சகம் வைத்திருக்கும் மாமா அன்பளிப்பாகக் கொடுத்த விசிட்டிங் கார்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிறான், ஐம்பது கேட்டதற்கு ஐந்நூறு அடித்திருந்தார், சந்தனநிற அட்டையில் தங்க எழுத்து, அருள்செல்வன் குருசாமி, எம்.டெக்., முதுநிலை ஆலோசகர், எல்லாம் ஆங்கிலத்தில், நகவெட்டிக் கத்தரிக்கோலால் ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டி உள்ளே தள்ளுகிறான், என் பேரு, என்று கேட்டாள், நீ என் வொய்ஃபுன்னு பாத்தாத் தெரியாதா, இடமும் இல்ல பாரு, அப்ப எம்.டெக்.கை எடுங்க, எடுத்தா லைன் மொட்டையா நிக்கும்மா, இரண்டடி பின்னால் போய்ப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தான், மாமா பத்துக் கும்பிடு போட்டார், அவளும் ஒன்று போட்டாள்.

பதினொன்று பத்துக்கு வாசல் கதவு திறந்து தபால்காரி கைவண்டியோடு வருகிறாள், ஐம்பது வயதிருக்கும், நரைத்த குடுமி, தினமும் இந்நேரம் பூரணி மொழி வகுப்பில் இருப்பாள், இன்று டீச்சருக்குக் காய்ச்சல், அதனால்தான் பார்க்க முடிந்தது, அந்தப் பெண் ஒரு நீலக் கவரைத் தூக்கிப் பத்துப் பெட்டியையும் வரிசையாகப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கி, கவரின்மேல் பேனாவால் ஒரு கோடு இழுக்கப் போகிறாள், தலைகீழாகத் தெரிந்த எழுத்து பூரணி சீனிராஜ், ஐயோ, அது நான், தமிழில் கத்திவிட்டுப் பிறகு அவர்கள் மொழியில் தட்டுத்தடுமாறிச் சொல்கிறாள், நீயா, எங்கே, சீனிராஜ் என்று இந்தக் கட்டடத்தில் யாருமே இல்லையே, போன மாதமும் ஒன்று வந்தது, திருப்பி அனுப்பினேன், திருப்பியா, ஆமாம், பேர் இல்லாத பெட்டியில் போட்டால் என் வேலை போய்விடும், நான் இவருடைய மனைவி, இருக்கலாம், வாழ்த்துகள், ஆனால் பெட்டியில் நீ இல்லை.

பேரைக் காட்டப் பாஸ்போர்ட் நாலாம் மாடி வீட்டில், லிஃப்ட் கிடையாது, குழந்தை தூங்கி வழிகிறது, தபால்காரி கவரைப் பைக்குள் வைக்கப் போகிறாள், பூரணி சட்டத்துக்குள் நகத்தை விட்டு நெம்பித் தங்க அட்டையை உருவினாள், திருப்பினாள், பின்பக்கம் வெள்ளை, பேனா கொடுங்க, அருள்செல்வன் குருசாமி, பூரணி சீனிராஜ், இதழினி அருள்செல்வன், எழுத்து கோணினாலும் மூவருக்கும் இடம் இருந்தது, பட்டமும் பதவியும் பெட்டிப் பக்கமாகத் திரும்பிக்கொண்டன, தபால்காரி ஒவ்வொரு எழுத்தாகப் படித்துத் தலையாட்டி, அப்புறம்தான் கவரை நீட்டினாள், இனி நீ இங்கே வசிக்கிறாய் என்றாள் சிரிக்காமல்.

கவரைக் கிழித்தால், முந்தைய கடிதம் திரும்பிவிட்டது, இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம், வெள்ளி பகல் பன்னிரண்டுக்குள் வந்து கையெழுத்திடாவிட்டால் அடுத்த குழந்தைக்கு, இன்றைய தேதி, மணி பதினொன்று இருபது, டிராமுக்கு நிற்கப் பொறுமையில்லை, கருங்கல் பதித்த தெருவில் தள்ளுவண்டி தடதடக்கிறது, இதழினி விழித்துக்கொண்டு கைதட்டுகிறாள், போன் அடிக்கிறது, அருள்செல்வன், ஏம்மா இப்படி மூச்சு வாங்குது, ஓடுறேங்க, காப்பகத்துக்கு, நாமளா போய் நிக்கவேணாம்னு ஞானசுந்தரம் சார், அவரை அங்கயே நிக்கச் சொல்லுங்க, அப்புறம் இன்னொண்ணு, உங்க எம்.டெக்.கைத் திருப்பிப் போட்டிருக்கேன், பத்திரமா உள்ளதான் இருக்கு, அதுல, என் பேரு இருக்கா, என்று கேட்டான், இருக்கு, மூணு பேருமே இருக்கோம்.

பதினொன்று ஐம்பத்தாறு, காப்பக அலுவலகத்தில் கண்ணாடி போட்ட பெண், கிளம்ப மேல்கோட்டை மாட்டப் போனவள், உட்கார்ந்தாள், தாளை விரித்தாள், குடும்பப் பெயர் என்ற இடத்தில் ஒரே ஒரு கோடு, குழந்தை அருள்செல்வன் என்று போட்டிருக்கிறதே, அது நீங்களா, இல்லை, அது அவள் அப்பா பேர், நீங்கள் சீனிராஜ், அது என் அப்பா பேர், கணவர் குருசாமி, அது அவர் அப்பா, பெண் பேனாவை மூடி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள், இத்தனை அப்பாக்களில் யாராவது கையெழுத்துப் போட வந்திருக்கிறார்களா என்றாள், கேலியா நிஜமா என்று தெரியவில்லை, கடிகாரத்தின் பெரிய முள் ஒருமுறை துடித்து நகர்ந்தது, பூரணி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், யாரும் வரல, நான்தான் வந்திருக்கேன், எங்க போடணும்.