காற்றைக் கழுவ வந்த விமானம்

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் துரைராசுவின் அரிசி ஆலை உமியை எரித்து ஊரெங்கும் புகை விட்டது. புகைக்குழாய்க்கு வடிகட்டி வைக்கச் சொல்லி, பக்கத்து வயல்காரி அகிலாண்டம் மூன்று வருடமாக மனு கொடுத்துவந்தாள். அவள் மகளுக்கு இருமல் நிற்கவே இல்லை.

தை மாதம் துரைராசு வேறு வழி கண்டுபிடித்தார். விமானத்திலிருந்து மேகத்தில் உப்புத்தூள் தூவி, மழை வரவழைத்து, காற்றைக் கழுவிவிடுவாராம். அதற்கு ஆலை வாசலில் பந்தல் போட்டு விழா வைத்தார்.

"அறுத்த நெல்லு களத்துல கெடக்குங்க. இப்பப் போயி மழையா?" என்றாள் அகிலாண்டம்.

"ஒரு நாள் நனைஞ்சா ஒண்ணும் ஆவாதும்மா. ஊரே சுத்தமான காத்த சுவாசிக்கப் போவுது!"

காலையிலிருந்தே மேகம் கறுத்திருந்தது. விமானம் இரண்டு சுற்று சுற்றியது. மழை கொட்டியது. தூவியதால் பெய்ததா, தானாகப் பெய்ததா என்று விமானத்தோடு வந்த நிபுணருக்கே தெரியவில்லை. ஆனாலும் கைதட்டல் ஓயவில்லை. அகிலாண்டத்தின் நெல்லோ படுதாவுக்கு அடியில் கரித்தண்ணீரில் ஊறியது.

மழை விட்டதும் ஆலை மறுபடி புகை கக்கியது. துரைராசுவுக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள். அகிலாண்டம் ஒரு கூடை நெல்லோடு மேடை ஏறி, அதை அவர் காலடியில் கொட்டினாள்.

"ஆகாசம் வரைக்கும் ஆள் அனுப்புனீங்களே, அந்தக் குழாய் வரைக்கும் ஒரு ஆள அனுப்ப முடியலையா?"

கூட்டம் திரும்பிக் குழாயைப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். பிறகு பந்தலே சிரித்தது.

துரைராசு சால்வையோடு காரில் ஏறிப் போனார். மூன்றாம் நாள் நெல் முளைவிட்டது. அதே வாரம் அவருக்குச் சுற்றுச்சூழல் விருது ஒன்றும் வந்தது.