ஆகாயத்தில் ஒரு நாசகாரி

வல்வெட்டித்துறையில் போட் எஞ்சின் திருத்துகிற ஜெயரூபனுக்கும் அவன் மனைவியின் தமையன் கிருஷாந்துக்கும் தைப்பொங்கலன்று மட்டும் ஒத்துவராது. கடற்கரைப் பட்டப்போட்டியில் வருடா வருடம் கிருஷாந்தே வெல்வான். வென்ற பட்டத்தை ஜெயரூபனின் விறாந்தையில் சாத்திவைத்துவிட்டுத்தான் பொங்கலில் கை வைப்பான்.

இம்முறை கிருஷாந் கருடன் பட்டம் கட்டுகிறான் என்று காதில் விழுந்ததும், ஜெயரூபன் போர்க்கப்பல் கட்டத் துணிந்தான். அதிலும் நாசகாரி வகை. யூடியூப்பில் பார்த்துப் பார்த்து எல்லாம் பாடமாக்கியிருந்தான். எதிரியின் ரேடார் அலை வந்த வழியே திரும்பாமல் வேறு திசைக்குத் தெறிக்கும்படி பக்கங்களைச் சரித்துக் கட்டினான். கோபுரத்தின் நாலு முகத்திலும் தட்டை ரேடார், முன்தட்டில் ஏவுகணைகள் நிமிர்ந்து நிற்கும் குழிகள். மூக்கின் அடியில், நீர்மூழ்கியை ஒலியால் கண்டுபிடிக்கும் குமிழுக்காக ஒரு கால்பந்து.

"நல்ல நாளிலை நாசகாரியோ? உதுக்கு வேறை பேர் இல்லையோ?" என்றாள் மனைவி தயாளினி. ஆகாயத்தில் எந்த நீர்மூழ்கி வரும் என்றும் கேட்டாள்.

"கப்பலெண்டால் எல்லாம் இருக்கோணும்," என்றான் அவன்.

அவன் உயிரையே வைத்திருந்தது பின்பக்கத்துச் சிறு பீரங்கியில். உண்மைக் கப்பலில் அது, நெருங்கி வருவதைத் தானே உணர்ந்து தானே சுட்டுத் தள்ளும். ஜெயரூபன், ஆள் வந்தால் தானே எரியும் கேற்றடி லைற்றின் உணரியைக் கழற்றி, காற்றடைத்த போத்தலோடு பொருத்தி, குண்டுக்குப் பதில் அரிசிமா நிரப்பினான்.

போட்டியன்று நாசகாரி, தலையில் கட்டிய விண் நார் காற்றில் கூவ எழும்பியது. சனம் கைதட்டியது. பக்கத்தில் கருடன் சிறகு விரித்து நின்றது. ஜெயரூபனுக்கு நெஞ்சு நிறைந்து கண் பனித்த அந்த நேரம் பார்த்து, காகமொன்று கப்பலின் பின்பக்கம் என்னவென்று பார்க்கப் போனது.

பீரங்கி வெடித்தது. காகம் தப்பிவிட்டது. கருடன் வெளுத்தது. மிச்ச மா காற்றோடு போய் நடுவர் மேடையில் இறங்கியது.

"மச்சான், உன்ரை கப்பல் சுடுது," என்றான் கிருஷாந்.

"நான் சுடேல்லை. அது தானாச் சுடுது."

சுட்ட வேகத்தில் கப்பல் சுழன்று கருடனின் கயிற்றில் சிக்கியது. இரண்டும் கட்டிப்பிடித்தபடி வந்து கோயில் கேணிக்குள் விழுந்தன. கருடன் ஊறித் தாழ, நாசகாரி மட்டும் நிமிர்ந்து மிதந்தது. பட்டமாகப் பறந்தபோது கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல் அதற்குத்தான் கிடைத்தது.

தலைமயிரில் மா ஒட்டிய நடுவர்கள், பொலிகண்டி தக்சாயினியின் வண்ணத்துப்பூச்சிக்கு முதற்பரிசைக் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார்கள். மச்சான்மார் இருவரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கேணிக்குள் இறங்கினார்கள். ஆளையாள் பார்த்ததும் முதலில் கிருஷாந்துக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு இருவராலும் அடக்க முடியவில்லை.

அடுத்த முறை சேர்ந்தே கட்டுவது என்று கேணிப்படியிலேயே முடிவாயிற்று. எதைக் கட்டுவது என்பதில்தான் சண்டை. அது வீட்டில் பொங்கல் ஆறும்வரை நடந்தது.