தவில் மாமா

கதிர்வேலுக்கு முகம் மறக்காது, பெயர்தான் தங்காது. கடலூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. எந்த போல்ட் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். மனைவி வெண்மதியின் சொந்தக்காரர்கள் விஷயத்தில்தான் மானம் போனது. அவளுடைய பெரியப்பா சபாபதியை இதுவரை சதாசிவம், சண்முகம் என்றெல்லாம் கூப்பிட்டிருக்கிறான்.

2009 தை மாதம் சிதம்பரத்தில் மச்சினிக்குக் கல்யாணம். இந்தத் தடவை ஒரு பெயர் தப்பினாலும் தனியாகத்தான் ஊர் திரும்பவேண்டும் என்று வெண்மதி சொல்லிவிட்டாள். பயந்துபோய், திருப்பாதிரிப்புலியூரில் நடந்த நினைவாற்றல் வகுப்புக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனான். வெறும் பெயர் மூளையில் ஒட்டாது, கோமாளித்தனமான படமாக மாற்றினால் ஒட்டிக்கொள்ளும் என்றார் அங்கே பாடம் எடுத்தவர்.

கதிர்வேல் விடாமல் உழைத்தான். சபாபதி என்றால் சபா, சபா என்றால் கச்சேரி. அவர் தொப்பையை யாரோ தவிலாக நினைத்து வாசிக்கிறார்கள். அவர் மனைவி பட்டம்மாள் வாலோடு பட்டமாகப் பறக்கிறாள். சித்தப்பா உத்திராபதிக்குத் தலைமுடி மொத்தமாக உதிர்கிறது. பஸ்ஸில் வெண்மதி கேட்கக் கேட்க முப்பத்தெட்டு பேரையும் தப்பில்லாமல் ஒப்பித்தான். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் அவளுக்கே பெருமையாகிவிட்டது.

மண்டபத்து வாசலில் மேளக்காரர்கள் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். சபாபதி கைகூப்பியபடி எதிரே வந்தார். கதிர்வேலின் கவனம் ஒரு நொடி அந்தச் சத்தத்தின் பக்கம் போனது. போன நொடியில் பெயர் நழுவிவிட்டது. படம் மட்டும் ஜம்மென்று நின்றது.

"வணக்கம் தவில் மாமா," என்றான்.

மேளம் சரியாக அப்போது பார்த்து நின்று தொலைத்தது. பக்கத்திலிருந்த உத்திராபதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபாபதி நிதானமாக விளக்கம் கேட்டார். வேறு வழியில்லாமல் கதிர்வேல் வகுப்பு, படம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான்.

"அப்ப இவனுக்கு இன்னா படம் வெச்சிருக்கீங்க மாப்ள?" என்று தம்பியைக் காட்டினார். கதிர்வேல் அதையும் சொன்னதும் உத்திராபதியின் கை தானாக வழுக்கைக்குப் போனது, சிரிப்பு நின்றது. சபாபதிக்கு அதுவே போதும், மன்னித்துவிட்டார்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்க ஆளில்லை. தனக்கு என்ன படம் என்று கேட்டு ஆளாளுக்குக் கதிர்வேலைச் சூழ்ந்துகொண்டார்கள். பட்டம்மாள் தன் வால் என்ன கலர் என்று விசாரித்து, ரோஸ் என்றதும் திருப்தியோடு பந்திக்குப் போனாள்.

திரும்பும் பஸ்ஸில் வெண்மதி மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, எனக்கு இன்னா படம்?"

"உனக்கு எதுக்கு? உம்பேரு தானா வருதே."

ஊருக்கெல்லாம் படம் உண்டு, கட்டினவளுக்கு இல்லையா என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆலப்பாக்கம் வருவதற்குள் கதிர்வேல் மூளையைக் கசக்கி ஒன்று பிடித்தான். மத்தியான வெயிலில் ஒரு வெண்டைக்காய் குடை பிடித்துக்கொண்டு நடக்கிறது. வெண்டை, மதியம். வெண்மதி.

சொன்னான். அவள் ஜன்னலை விட்டு இவன் பக்கம் திரும்பினாள்.

"பட்டுப்பொடவ கட்டியிருக்கா?"

"கட்டியிருக்கு."

"அப்ப சரி," என்று அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.