முடிவுக்கு எங்காலை போறது?

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை என்னுடையது அல்ல. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வரும் படகில், பக்கத்தில் இருந்தவர் என் மடியில் போட்டுவிட்டுப் போனது. நான் நெடுந்தீவுக்குப் போனது வேறொரு கதைக்காக. அங்கே மேயும் குதிரைகளைப் பற்றி எழுதலாம் என்று இரண்டு நாள் வெயிலில் அலைந்தேன். குதிரைகள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. வெறுங்கையோடு படகேறியவனுக்குக் கதை தானாக வந்து கிடைத்தால் வேண்டாமென்று சொல்ல மனம் வருமா?

இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

'சுருவிலைச் சேர்ந்த பிரதாபன் காற்றைக் கிழித்துக்கொண்டு…'

வெட்டிவிட்டேன். பிரதாபனுக்கு முப்பத்தொன்பது வயது, கொஞ்சம் தொந்தி. அவர் காற்றையெல்லாம் கிழிக்கிற ஆள் இல்லை.

2

பிரதாபன் வேலணைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறார். நோர்வேயிலிருந்து விடுமுறைக்கு வந்த சினேகிதன் ஒரு கியர்ச் சைக்கிளை வாங்கி ஒரு மாதம் ஓடித் திரிந்துவிட்டு, போகும்போது இவரிடம் விட்டுப் போனான். மலையில் ஓடுவதற்கென்று செய்த சைக்கிள். எங்கள் தீவுகளில் மலைக்கு எங்கே போவது? பாலத்தில் ஏறுவதுதான் எங்களுக்கு ஏற்றம். (பிரதாபனின் மனைவி கோசலா, "மலையையும் அனுப்பச் சொல்லுங்கோ" என்று சொல்வாராம். அவரைக் கதைக்குள் கொண்டுவர ஆசைதான். வந்தால் கதையை அவரே இரண்டு வரியில் முடித்துவைத்துவிடுவார் என்ற பயத்தில் வெளியே நிறுத்தியிருக்கிறேன்.)

ஒரு வருடமாக விடிய எழும்பி, சாட்டிக் கடற்கரை மணலில் மிதித்துப் பழகினார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எந்தப் போட்டியிலும் ஓர் இடமும் எடுக்காதவர். நெடுந்தீவில் ஒரு விளையாட்டுக் கழகம் ஊர்ச் சந்துகளான ஒழுங்கைகளாலும் கடற்கரையாலும் சைக்கிள் போட்டி வைக்கிறது என்று கேள்விப்பட்டதும் பெயரைக் கொடுத்தார். சனிக்கிழமை படகேறிப் போய், ஒரு மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்து, ஞாயிறு காலை இருபத்தாறு பேரோடு கோட்டில் நின்றார். தொடங்கும் இடம்தான் முடியும் இடமும். மேலே கட்டிய துணியில் ஒரு பக்கம் 'ஆரம்பம்', மறுபக்கம் 'முடிவு'.

(இந்தத் துணியை மறந்துவிடாதீர்கள். நான் இடையில் மறந்து, மூன்றாம் முறை எழுதும்போதுதான் திரும்பக் கட்டினேன்.)

3

இனி நடந்தது.

நெடுந்தீவில் வேலி என்றால் முருகைக்கல்லை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய சுவர். வெயில் ஏறியதும் கண் கூசுகிற மாதிரி வெளுக்கும். அந்தச் சுவர்களில்தான் கழகத்தார் போட்டிக்கு அம்புக்குறி போட்டிருந்தார்கள், சுண்ணாம்பால். வெள்ளையில் வெள்ளை. உள்ளூர்க்காரருக்கு அம்புக்குறி தேவையில்லை, ஆனபடியால் பிழை யாருடைய கண்ணிலும் படவில்லை.

பன்னிரண்டாம் கிலோமீற்றரளவில் பிரதாபன் தனித்துப் போனார். முன்னால் போனவர்கள் மறைந்துவிட்டார்கள், பின்னால் ஒருவரும் இல்லை. எல்லா ஒழுங்கையும் ஒரே ஒழுங்கையாகத் தெரிந்தது. ஒரு முச்சந்தியில் இறங்கி நின்றார். கல்வேலிக்கு அப்பால் ஓர் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். பெயரைப் பிரதாபன் கேட்கவில்லை, நான் பார்வதிப்பிள்ளை என்று வைக்கிறேன். பிரதாபன் அவரிடம் ஏதோ கேட்டார். அவர் கையை நீட்டினார்.

"உதாலை போ தம்பி, கிட்ட. அவையள் விசருக்குக் கரையாலை சுத்திப் போகினம்."

போட்டிக்காரர் கரையால் சுற்றுவது அவருக்குப் பைத்தியக்காரத்தனம். வழி கேட்டவருக்குக் கிட்டிய வழியைச் சொல்வதுதானே எங்கள் ஆட்களின் மரியாதை. பிரதாபன் அவர் கை காட்டிய பக்கம், உதாலை போனார். பத்து நிமிடத்தில் துணி தெரிந்தது. இரண்டு பேர் மட்டும்தான் வந்திருந்தார்கள். சனம் கைதட்டியது. மூன்றாம் இடத்துப் பதக்கத்தை யாரோ கழுத்தில் போட்டுவிட்டார்கள்.

எட்டு நிமிடம் கழித்துச் செல்வரத்தினம் வந்தார். ஐம்பத்திரண்டு வயது, நெடுந்தீவிலேயே பிறந்து மாடு வளர்ப்பவர். பால் கொண்டுபோகிற அதே பழைய சைக்கிளில்தான் போட்டிக்கும் வந்தவர். முழங்கால் வரை கடற்கரைச் சேறு. பிரதாபன் குனிந்து தன் சில்லுகளைப் பார்த்தார். காய்ந்த புழுதி மட்டும்.

செல்வரத்தினம் இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நல்லா ஓடினீர் தம்பி. எவடத்திலை என்னை முந்தினனீர்? நான் காணேல்லை."

பிரதாபன் சிரித்தாராம். சிரித்ததை என்னிடம் சொல்லும்போது அழுகிற முகம்.

4

பதக்கத்தின் நாடா சட்டைப் பையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், வென்றனீரோ என்று கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னார். நான் எழுதுகிறவன் என்று அறிந்ததும் என் பக்கம் முழுதாகத் திரும்பிவிட்டார்.

"இதைத் திருப்பிக் குடுக்கிறது பிரச்சினையில்லை அண்ணை. இது அவருக்குரியது. குடுக்கேக்கை என்ன சொல்லிக் குடுக்கிறது? வழி மாறீட்டன் எண்டோ, களவு செய்தனான் எண்டோ?"

"நீர் அந்த மனிசியிட்டை என்ன கேட்டனீர்?"

"அதுதான் அண்ணை, தெரியேல்லை."

அவருடைய வாயில் இரண்டு வசனங்கள் இருந்தன.

மற்றவை எங்காலை போனவை?

முடிவுக்கு எங்காலை போறது?

மற்றவர்கள் எந்த வழியால் போனார்கள் என்று முதலாவதைக் கேட்டிருந்தால் அவர் வழி தவறிய மனிதர், அந்த அம்மா இரக்கப்பட்டுக் கேளாத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார். இரண்டாவதைக் கேட்டிருந்தால்… (இந்த வசனத்தை நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். நாலும் அவரை நோகடித்தன.) படிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதுகிற பிள்ளைகளுக்குப் புள்ளி வெட்டுகிற வாத்தியார் அவர். இரண்டையும் படகில் வரும் வழியெல்லாம் மெல்லச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். இரண்டுமே தான் சொன்னது போலத்தான் இருந்ததாம்.

"ஒரு ஆள் அந்த இடத்திலை என்ன கேப்பான் எண்டு எழுதிற உங்களுக்குத் தெரியும்தானே," என்றார்.

தலையாட்டினேன்.*

குறிகட்டுவானில் இறங்கியதும் பதக்கத்தை என் கையில் வைத்தார். வீட்டுக்குக் கொண்டுபோனால் எப்படி வென்றீர்கள் என்று கோசலா கேட்பார். வசனம் சரிவந்த பிறகு செல்வரத்தினத்திடம் நானே கொடுக்க வேண்டுமாம். மறுத்துச் சொல்வதற்கிடையில் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

* எனக்குத் தெரியாது. இந்தக் கதையில் நிச்சயமாகச் சொல்லக்கூடிய முதலாவது பொய் அந்தத் தலையாட்டல்.

5

இரண்டு முடிவு எழுதினேன்.

ஒன்று: நான் பார்வதிப்பிள்ளையைத் தேடிப் போகிறேன். "அவர் ஒண்டும் கேக்கேல்லை. நிண்டு முழிச்சவர், நானாச் சொன்னனான்," என்கிறார் அவர். எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் நான் அவரைத் தேடிப் போகவேயில்லை. பெயர் வைத்தவனே வாக்குமூலமும் எழுதிக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

மற்றது: பதக்கத்தைக் கண்டு, முச்சந்தியில் நடந்ததையும் கேட்ட செல்வரத்தினம் வயிறு குலுங்கச் சிரிக்கிறார். "அவ எனக்கும் அதாலைதான் போகச் சொன்னவ!" இது எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. எழுதிவிட்டு எழும்பித் தேத்தண்ணி போட்டேன். பாதி குடிக்கும்போது பிழை தெரிந்தது. செல்வரத்தினத்துக்கு அந்தத் தீவில் யாரும் வழி சொல்லத் தேவையில்லை. அந்தக் குறுக்கு ஒழுங்கையால் தினமும் பால் கொண்டுபோகிறவர். அன்றைக்கும் அந்த முச்சந்தியைக் கடந்துதான் போனார். கிட்டிய வழி எதுவென்று நன்றாகத் தெரிந்துகொண்டே, ஒருவரும் பார்க்காத இடத்தில், சேற்றுக்குள் இறங்கிக் கரையால் சுற்றி வந்திருக்கிறார்.

இதை எழுதியதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிரதாபனை நினைத்தா, என்னை நினைத்தா என்று தெரியவில்லை. நானும் இவ்வளவு நேரமும் முடிவுக்குக் கிட்டிய வழியைத்தானே தேடிக்கொண்டிருந்தேன்.

6

போன சனிக்கிழமை பதக்கத்தோடு படகேறினேன். வசனம் கிடைத்து அல்ல. அது மேசையில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாமல்.

செல்வரத்தினம் கல்வேலியோடு சைக்கிளைச் சாத்திவிட்டுச் சில்லுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பிரதாபன் தந்துவிட்டவர் என்று சொல்லிக் கொடுத்தேன். கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது அவருக்குக் குடுத்ததெல்லோ. எனக்கேன்?"

கோபமில்லை, சந்தேகமும் இல்லை. அறிய வேண்டும் என்று கேட்டார், அவ்வளவுதான். உள்ளே போய் ஒரு கதிரை கொண்டுவந்து எனக்குப் போட்டார். தான் வாசல் திண்ணைக் குந்தில் இருந்துகொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அது வந்து, அந்த முச்சந்தியிலை பிரதாபன் மாட்டுக்காரம்மாவிட்டை…" என்று தொடங்கினேன்.

இங்கேதான் நிற்கிறேன். மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். இரண்டு வசனத்தையும் படித்துப் பார்த்து யோசித்துச் சொல்ல வேண்டாம். வெயில், மூச்சு வாங்குகிறது, முன்னால் இரண்டு ஒழுங்கை, வேலிக்கு அப்பால் விபரம் தெரிந்த ஒரு மனிசி. உங்கள் வாயில் எது முதலில் வருகிறதோ அதைச் சொன்னால் போதும்.

படகு இரண்டரைக்கு. செல்வரத்தினம் அவசரப்படுகிற ஆள் இல்லை, இருந்து கேட்பார். முடிவுக்கு எங்காலை போறதென்று என்னிடம் மட்டும் கேட்காதீர்கள்.