வெற்றுப் பக்கத்தில் ஒரு கையெழுத்து

மரக்காணத்து உப்பளத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காக நாங்கள் ஒரு காப்பகம் நடத்தி வருகிறோம். அதன் நிர்வாகக் குழுவில் உறுப்பினர் எழுவர். அவ்வெழுவருள் உப்பளத்தில் வேலை செய்பவர் சூர்யகலா ஒருவரே. அவரைக் குழுவிற்கு அழைத்து வந்தவன் செயலாளராகிய நான். அவர் தம் கூட்டாளிப் பெண்களின் முகத்தில் விழிக்க இயலாதபடி செய்தவனும் நானே.

அவரை நான் முதலில் கண்டது, நாங்கள் நடத்திய ஒரு மருத்துவ முகாமில். தொழிலாளர்களுக்கு ரப்பர் காலணிகள் வழங்கினோம். வாங்கிச் சென்ற பெண்களுள் ஒருவர் மட்டும் திரும்பி வந்து, அவற்றை மேசைமேல் வைத்தார்.

"ஆம்பள சைஸு சார் இது. என் காலு போக மிச்ச எடத்துல ஒரு குடும்பமே குடியிருக்கலாம்."

சுற்றியிருந்தோர் சிரித்தனர். நூறு இணை காலணிகளை வாங்கிய எங்களுள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. இத்தகையவர் குழுவில் இருத்தல் நலம் என்று அப்போதே எண்ணினேன். நிதி வழங்கும் நிறுவனத்தார், பயனடைவோருள் ஒருவரைக் குழுவில் சேர்க்குமாறு எழுதியிருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மறுவாரம் அவர் வீட்டிற்குச் சென்றேன்.

"நான் அங்க வந்து இன்னா சார் பண்ணப் போறேன்?" என்றார்.

"பெரிய வேலை ஒண்ணும் இல்லம்மா. மாசத்துக்கு ஒரு தடவ வந்து கையெழுத்துப் போட்டா போதும்."

"கையெழுத்துப் போட மட்டும் எதுக்கு சார் நானு? அது யாரு வேணா போடலாமே."

அதனை வேடிக்கையாகக் கொண்டு நான் சிரித்தேன். அவர் மறுத்துவிடுவாரோ என்ற அச்சத்தில், பொறுப்பு ஒன்றுமில்லை என்று கூறியே ஓர் உறுப்பினரைச் சேர்த்தேன். ஆள் சேர்ப்பதில் நான் செய்த முதற்பிழை அது.

எங்கள் கூட்டம் மாதத்தின் முதல் ஞாயிறன்று, எட்டு மணிப் பூசை முடிந்ததும், மாதா கோயிலை அடுத்த மறைக்கல்வி அறையில் நடைபெறும். எங்களுட் பெரும்பாலோர் பூசைக்கு வருவோர் ஆதலின், அந்நேரம் எல்லார்க்கும் உகந்தது என்று கொண்டிருந்தோம். சூர்யகலா இரண்டு கூட்டங்களுக்கு வந்தார். இரண்டாவதில், "காலையில புள்ளைங்களுக்குக் குடுக்கற பாலு ஏன் சார் ஆறிப்போயி இருக்குது?" என்று கேட்டார். தலைவர் தேசப்பன் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். "அது இன்னிக்கு அஜெண்டாவுல இல்லம்மா" என்றார். நானும் அக்கேள்வியைக் குறிப்பேட்டில் பதியவில்லை.

தை பிறந்ததும் உப்பு வாரும் பருவம் தொடங்கிற்று. பெண்கள் விடியுமுன் நான்கு மணிக்கே பாத்திகளுக்குச் சென்று, வெயில் ஏறிய பின்னர்ப் பத்து மணியளவில் திரும்புவர். உப்பு விளைந்த நாள் ஞாயிறாயினும் வாரியே ஆகவேண்டும். சூர்யகலாவால் வர இயலவில்லை. எழுவருள் இருவர் சென்னையில் தம் பிள்ளைகளோடு வாழ்பவர்கள். ஐவர் கையொப்பம் இல்லையேல் கூட்டம் செல்லாது. ஆகவே, குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் அவர் வீட்டிற்குச் செல்லலானேன். முதலில், கூட்டம் முடிந்த பின்னர், எழுதிய பக்கத்தில் கையொப்பம் பெற்றேன். பின்னர், இருமுறை அலைவானேன் என்று, சனிக்கிழமை மாலையிலேயே வெற்றுப் பக்கத்தின் அடியில் பெற்றுவிடுவேன். நானறிந்த சங்கங்கள் பலவற்றிலும் இது வழக்கமே. எவரும் இதனைத் தவறென்று கருதியதில்லை. சூர்யகலா ஒருமுறை, "மேல இன்னா சார் எழுதுவீங்க?" என்று கேட்டார். "வழக்கமானதுதாம்மா" என்றேன்.

வைகாசி மாதத்தில் நிதி நிறுவனத்தின் அலுவலர் ஒருவர் முன்னறிவிப்பின்றி, பகல் பதினொரு மணிக்குக் காப்பகத்திற்கு வந்தார். பதிவேட்டில் இருபத்திரண்டு பெயர்கள் இருந்தன. அறையில் ஒரு குழந்தையும் இல்லை. பாய்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. குழந்தைகள் நான்கு மணிக்கு வந்து பத்தரைக்குத் தாய்மாரோடு சென்றுவிடுவர் என்று காப்பாளர் ரோஸ்லின் எடுத்துரைத்தும், அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அடுத்த கூட்டத்தில் தேசப்பன், காப்பகத்தை இனிக் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை நடத்தலாம் என்றார்.

"அந்த நேரத்துல புள்ளைங்க வருமா?" என்று கேட்டார், ஓய்வுபெற்ற செவிலியரான சுலோசனா.

"வராட்டி வர வெக்கணும்மா. பாக்க வர்றவங்க கண்ணுக்குப் புள்ளைங்க தெரிய வேணாமா?"

நான் மறுத்திருக்கலாம். இருபத்திரண்டு குழந்தைகள் எதற்காக நான்கு மணிக்கு வருகின்றனர் என்பதை அறியாதவன் அல்லேன். ஆயினும், அலுவலர் முன்னிலையில் பட்ட தலைகுனிவே என் நெஞ்சில் நின்றது. 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினேன். சூர்யகலாவின் கையொப்பம் முன்னரே அடியில் காத்திருந்தது. மறுநாள், உறுப்பினர் அனைவரின் பெயர்களோடும் ஓர் அறிவிப்பைத் தட்டச்சு செய்து, காப்பகக் கதவில் ஒட்டச் செய்தேன்.

பத்து நாள் கழித்துக் கடைத்தெருவில் ரோஸ்லினைக் கண்டேன்.

"சூர்யகலாக்காவுக்கு யாரும் கூடை தூக்கி விடறது இல்ல சார்" என்றார்.

உப்புக் கூடையை ஒருவர் தாமே தலைக்கு ஏற்றிக்கொள்ள இயலாது. எதிரே ஒருவர் நின்று கை கொடுத்தல் வேண்டும். அக்கையை அப்பெண்கள் மறுத்துவிட்டனர். "உம் பேருதான் கதவுல இருக்குதே, உங்க மெம்பருங்களக் கூப்பிடு, வந்து தூக்கி வுடுவாங்க" என்று ஏசினராம். சூர்யகலா அரைக்கூடையாக நிரப்பி, முழந்தாளிட்டுத் தாமே ஏற்றிக்கொண்டு எழுகிறார் என்றார் ரோஸ்லின். குழந்தைகளோ இருட்டிலேயே வரப்பின்மேல் சாக்கு விரித்துப் படுத்துக் கிடக்கின்றனர்.

மறுநாட் காலை குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு உப்பளத்திற்குச் சென்றேன். பத்து மணி. பெண்கள் வேலை முடிந்து, உப்புக் குவியலின் நிழலில் அமர்ந்து நீர் அருந்திக்கொண்டிருந்தனர். சூர்யகலா சற்றுத் தள்ளித் தனியே அமர்ந்திருந்தார். அவரிடம் மட்டும் மெல்லப் பேசித் திரும்பலாம் என்பதே என் எண்ணம்.

"நான் விலகிடறேன்மா. செயலாளர் பதவிய விட்டுடறேன்" என்றேன்.

"நீங்க போயிட்டா எனக்குக் கூடை தூக்கி விட்டுடுவாங்களா?" என்றார். குரலில் சினம் இல்லை. "இவங்ககிட்ட சொல்லுங்க சார். நான் சொன்னா நம்பல."

பெண்கள் பக்கம் திரும்பினேன். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பேசியவன். அன்று குறிப்பேட்டை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டே பேசினேன். பக்கம் வெறுமையாய் இருந்தபோதே கையொப்பம் பெற்றேன் என்றும், மேலே எழுதியது சூர்யகலாவுக்குத் தெரியாது என்றும் கூறினேன்.

"எத்தினி வாட்டி சார் இப்பிடி வாங்கினீங்க?" என்று கேட்டார் சங்கீதா என்னும் பெண். அவர் மடியில் ஒரு குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது.

"நாலு."

"நாலுலயும் இன்னா எழுதி வெச்சிருக்கீங்க? படிங்க, கேப்போம். எங்க பேர எதுல எழுதிக் குடுத்துட்டாளோ."

படித்தேன். மாசிக் கூட்டம்: ஆண்டறிக்கை ஏற்கப்பட்டது. பங்குனி: பெயர்ப்பலகைக்குப் புதிய வண்ணம். மூன்றாவதைப் படிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிட்டேன்.

"இன்னா சார், எழுத்து அழிஞ்சிருக்குதா?"

"இல்ல."

"அப்ப படிங்க."

"செயலாளர் திரு. அமிர்தசாமி அவர்களின் தன்னலமற்ற தொண்டினை இக்குழு ஏகமனதாகப் பாராட்டுகிறது."

ஒரு மூதாட்டி, "அடிப்பாவி, நீயா இவரப் பாராட்டுனே?" என்றார். பெண்கள் நெடுநேரம் சிரித்தனர். சூர்யகலாவும் சிரித்தார். அத்தீர்மானத்தைத் தேசப்பன் முன்மொழிந்தார்; எழுதியது நான், என் கைப்பட, என் பெயருக்கு முன் 'திரு.' இட்டு. நிற்பதற்கு நிழலும் இல்லை. அமர்வதற்கு எவரும் இடம் காட்டவுமில்லை. நான்காவதையும் படித்து முடித்தேன்.

நான் திரும்புமுன், சங்கீதா குழந்தையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, சூர்யகலாவின் அருகில் சென்று அமர்ந்தார். என்ன பேசினரென்று அறியேன்.

"அடுத்த மீட்டிங்குக்கு வருவீங்களாம்மா?" என்று சூர்யகலாவிடம் கேட்டேன்.

"பூசை முடிஞ்சு நான் எங்க சார் வர்றது? நீங்க வாங்க. பத்தரைக்கு, இங்க."

தேசப்பனை இணங்கச் செய்ய ஒரு வாரம் ஆயிற்று. "உப்பளத்துல யாருய்யா கமிட்டி மீட்டிங் போடுவான்?" என்று தொலைபேசியில் கடிந்துகொண்டார். எனினும் வந்தார், குடையோடு. சுலோசனாவும் வந்தார், சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். உப்பு மூட்டைகளின்மேல் அமர்ந்தோம். காப்பகத்தை மீண்டும் காலை நான்கு மணிக்கே திறப்பதென்றும், பாலைச் சூடாக்க அடுப்பு வாங்குவதென்றும் முடிவாயிற்று. செயலாளர் பொறுப்பில் நான் தொடர்வதா என்ற வினாவை நானே எழுப்பினேன்.

"இதுல இன்னா இருக்குது? தொடரட்டும்" என்றார் தேசப்பன். மற்றவர்களும் கை உயர்த்தினர்.

சூர்யகலா உயர்த்தவில்லை.

"நான் வேணாம்னு சொல்றேன் சார். நீங்க நல்லவருதான். ஆனா வெத்துத் தாளுல கையெழுத்து வாங்கினவரு. அதையும் சேத்து எழுதிக்குங்க."

தேசப்பன் ஏதோ கூற வாயெடுத்தார். நான் கை காட்டித் தடுத்தேன். மூவர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு, செயலாளர் வாக்களிக்கவில்லை என்று எழுதினேன். எதிர்த்தவரின் பெயரையும், அவர் கூறிய காரணத்தையும், அவர் சொற்களிலேயே எழுதினேன். அவர் குறிப்பேட்டை வாங்கி, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். படிக்க வெகுநேரம் ஆயிற்று. தேசப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் காகிதத்தின்மேல் ஊர்ந்து சென்ற அவ்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.