சுண்டுவிரல் பக்கம்

மேனேஜர் தன் மேசைமேல் இரண்டு ஷூக்களை அருகருகே வைத்திருந்தார். ஒன்று ஏழு, மற்றது எட்டு. ஓடுகிறவர்களுக்காக அந்தக் கம்பெனி செய்யும் மாடல் ஒன்றுதான். அது ஒவ்வொரு முறை மாறும்போதும் ஒரு நம்பர் ஏறும். ஏழு பார்ப்பதற்கு வாத்து மாதிரி இருக்கும், முன்பக்கம் அகலமாக. ஆனால் காலில் போட்டவர்களுக்குக் கழற்ற மனம் வராது. எட்டு லட்சணமாக இருந்தது. முன்பக்கம் ஒடுங்கி, அடியில் நுரை உயர்ந்து, கண்ணாடி அலமாரியில் வைத்தால் தெருவில் போகிறவன் நின்று பார்ப்பான்.

அவள் எட்டைக் கையில் எடுத்து முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

எந்த ஷூவும் முதலில் ஒரு பிளாஸ்டிக் காலின்மேல்தான் பிறக்கும். அந்தக் கால் அச்சைச் செதுக்குவதும் அளப்பதும் அவள் வேலை. டிசைன் பிரிவு படம் வரைந்து கொடுத்தது, மேலிடம் தலையாட்டியது, ஒடுக்கச் சொன்னார்கள், ஒடுக்கினாள். ஒவ்வொரு முறை ஒடுக்கியபோதும் இது சரியில்லை என்றாள். கேட்பாரில்லை.

"சார், ஓடும்போது கால் வீங்கும். இதுல சுண்டுவிரல் எங்க போகும்? இடமே இல்ல."

"மேடம், நானும் அதையேதான் யோசிச்சேன். ஓடிப் பார்க்கக் குடுத்தோம்ல, ஒவ்வொருத்தருக்கா நானே போன் போட்டேன். சிலபேரு கடிக்குதுன்னாங்க, சிலபேரு பரவாயில்லன்னாங்க. எனக்கே குழப்பமாயிடுச்சு. கடைசியா உங்க வீட்டுக்காரருக்குப் போட்டேன்." மேனேஜர் சிரித்தார். "நம்ம ஷூவைத் தவிர வேற எதையும் கால்ல மாட்டாத மனுஷன். 'பூ மேல ஓடுற மாதிரி இருக்கு சார்'னாரு. அதுக்கு மேல நான் யாரைக் கேக்கறது?"

பக்கத்தில் நின்ற டிசைன் பிரிவு இளைஞன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "வீட்டு ஓட்டே விழலையே மேடம்!"

அவள் ஷூவை மேசையில் வைத்தாள். வாதாட நிறைய இருந்தது. தெம்புதான் இல்லை.

"திங்கட்கிழமை அச்சு வார்ப்புக்கு ஆர்டர் போகுது. போயிட்டா அப்புறம் திருப்ப முடியாது," என்றார் மேனேஜர். "வேற ஏதாவது சொல்றதுக்கு இருக்கா?"

"இல்ல சார்."

பஸ்ஸில் வீடு திரும்பும்போது தன் கைவிரல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். இத்தனை வருடமாக இந்த விரல்களை நம்பித்தான் பேசினாள். அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும், எந்த இடம் யாரைக் கடிக்கும் என்று. இப்போது வீட்டுக்காரரின் காலே வேறு சொல்கிறது. வயதாகிவிட்டதோ? விரல்கள் மரத்துப்போய்விட்டனவோ?

அவள் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, பின்னால் நாற்பது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு, விடியற்காலையில் ஓடுவது ஒன்றுதான் சொந்த நேரம். ஓடிவிட்டு வந்தால் அன்றைக்கு முழுக்க யார்மீதும் எரிந்து விழமாட்டார். அதற்காகவே அவர் ஓடுவது அவளுக்குப் பிடிக்கும்.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஷூ எப்படிங்க இருக்கு?"

"எந்த ஷூ?"

"தலையில மாட்டுற ஷூ. நான் கொண்டுவந்து குடுத்தேனே, அதுதான்."

"அதுவா? நல்லாத்தான் இருக்கு."

"எங்கயும் பிடிக்கலையே?"

"நல்லா இருக்குன்னா நல்லா இருக்கு. வக்கீல் மாதிரி குறுக்குக் கேள்வி கேக்குறியே."

"அது சரி, வீட்டுக்குள்ள எதுக்கு சாக்ஸ்?"

"தரை சில்லுன்னு இருக்கும்மா."

தலைக்குமேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. திரும்பிப் போய்க் கேட்க அலுப்பாக இருந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் விடுமுறை. அவர் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிய சற்று நேரத்தில் அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். பூங்காவின் ஓடுபாதையில் தெரிந்த முகங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அவர் இல்லை. ஒரு சுற்று நடந்தாள். தோட்டக்காரரின் கொட்டகைக்குப் பின்னால், புதர் மறைவில் ஒரு பெஞ்சு. அதில் அந்த எட்டாம் நம்பர் ஷூ ஜோடியாக உட்கார்ந்திருந்தது. பக்கத்துக் குழாயடியில் அவர் வெறுங்காலோடு நின்று, கை நிறையத் தண்ணீர் பிடித்துத் தலையில் தெளித்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டையின் நெஞ்சுப் பக்கம். பிறகு அக்குள்.

"முதுகுல இன்னும் கொஞ்சம் தெளிச்சுக்கோங்க. வேர்வை பத்தல."

அவர் துள்ளித் திரும்பினார். திருட்டுத்தனமாக எதையோ தின்று மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம்.

அவள் குனிந்து பார்த்தாள். வலது காலின் சுண்டுவிரல் நகம் கறுத்துப் போயிருந்தது. இடது காலில் பிளாஸ்திரி.

"எத்தனை நாளா இந்த நாடகம்?"

"முதல்ல ஓடத்தான் செஞ்சேன். அப்புறம் நடந்தேன். அப்புறம்..." பெஞ்சைப் பார்த்தார். "உக்காரப் பழகிடுச்சு."

"பின்ன எதுக்கு எங்க சார்கிட்ட பூ மேல ஓடுறேன், புல் மேல ஓடுறேன்னு அளந்தீங்க?"

"உன் ஷூ ஆச்சே."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"மாசக்கணக்கா அந்தப் பிளாஸ்டிக் காலைக் கட்டிக்கிட்டு அழுதே," என்றார் அவர். "விரலெல்லாம் வெட்டுக்காயம். சாப்பிடும்போதுகூட ஸ்பூனைப் புடிக்க முடியாம முழிச்சே. அவ்வளவும் பண்ணி, ஒருநாள் கொண்டுவந்து என் கையில குடுத்தே. உன் மூஞ்சியைப் பார்க்கவே பாவமா இருந்துச்சு, அப்படி ஒரு களைப்பு. நான் போயி, ஐயோ இது கடிக்குதுன்னு எப்படிச் சொல்றது?"

அவள் பெஞ்சில் ஷூக்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

"அது என் ஷூ இல்லீங்க. வேண்டாம் வேண்டாம்னு நான்தான் ஒத்தையா சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன். நேத்து உங்க பேரைச் சொல்லித்தான் என் வாயை அடைச்சாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஆபீஸ் தொல்லையை வீட்டுக்கு எதுக்குத் தூக்கிட்டு வரணும்னு..."

"ரொம்ப நல்லா இருக்கு. நீ என்னைக் காப்பாத்துறே, நான் உன்னைக் காப்பாத்துறேன். நடுவுல என் சுண்டுவிரல் பரலோகம் போயிடுச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது கண்ணீராகிவிட்டது. அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைக்கப் பார்த்து, சட்டையும் ஈரமாக இருப்பதைக் கண்டு, அப்படியே அவள் தோளில் வைத்தார்.

"இரு, இப்பவே பேசிடறேன்," என்று போனை எடுத்தார்.

மேனேஜரிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார், குழாயடி உட்பட. அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"சார், நேத்து மேடமும் கடைசியில மறுத்துப் பேசல. வார்ப்புக்காரங்க வேற அவசரப்படுத்தினாங்க. சாயங்காலமே ஆர்டரைப் போட்டுட்டேன்."

"நிறுத்த முடியாதா சார்?"

"என் கையை விட்டுப் போயிடுச்சு. அடுத்த மாடல் ஒன்பதுல பார்த்துக்கலாம்."

போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "கெடுத்துட்டேன்ல?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். கோபப்படக்கூட அசதியாக இருந்தது. இன்னும் சில மாதங்களில் எட்டு எல்லாக் கடைகளிலும் இருக்கும். யார் யாரோ காசு கொடுத்து வாங்கி, தங்கள் கால்மீது சந்தேகப்படுவார்கள். ஆனாலும் நேற்று பஸ்ஸில் பயந்தது நடக்கவில்லை. விரல்கள் சரியாகத்தான் சொல்லியிருந்தன. யார் நகம் எங்கே கறுக்கும் என்பதுவரை.

"ரெண்டு பேருமா சேர்ந்து கெடுத்தோம். கிளம்புங்க, கடைக்குப் போகலாம்."

"ஏழு தீர்ந்துடுச்சுன்னியே?"

"ஏழு இல்ல. வேற கம்பெனி."

"உங்க ஆபீஸ்காரங்க யாராவது பார்த்துட்டா?"

"பார்த்தா அவங்களுக்கும் நல்ல ஷூ எதுன்னு சொல்லிட்டுப் போறேன்."

பத்து மணிக்குக் கடை திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனார்கள். அவர் ஸ்டூலில் உட்கார, அவள் தரையில் மண்டியிட்டாள். விற்கும் பெண் முதல் ஜோடியைக் கொண்டுவந்தாள். மண்டியிட்டிருந்தவள் லேஸ் கட்டிவிட்டு, அவர் சுண்டுவிரல் இருக்கும் இடத்தை அழுத்தினாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா..." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "கடிக்குது."

"கழட்டுங்க."

அடுத்ததில் குதிகால் தூக்கியது. அதற்கு அடுத்தது கல் மாதிரி இருந்தது. இன்னொன்றின் நிறம் கண்ணைக் குத்தியது. வாய் திறந்துவிட்ட பிறகு அவருக்குத் துணிச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. விற்கும் பெண் பெருமூச்சு விட்டபடி கிடங்குக்கும் ஸ்டூலுக்கும் நடந்தாள்.

"சொல்லலாம்னா இன்னொண்ணும் சொல்லட்டுமா?" என்று குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் நீ எடுத்துக் குடுத்த கண்ணாடி, மூக்குல நிக்கவே மாட்டேங்குது."

"முதல்ல காலைப் பார்ப்போம். மூக்குக்கு அப்புறம் வர்றேன்."

கடைசியாக வந்த ஜோடியைப் போட்டுக்கொண்டு கதவுவரை நடந்தார். திரும்பினார். நின்று, தரையை இரண்டு முறை மிதித்துப் பார்த்தார்.

"ஏழு மாதிரி இல்ல. ஆனா பரவாயில்ல."

"நிஜமாவா?"

அவர் யோசித்தார். நன்றாகவே யோசித்தார்.

"இடது கால் மட்டும் கொஞ்சம் பிடிக்குதும்மா."

அவள் முழங்கால் வலித்தது. எழுந்திருக்காமல், இதிலேயே அரை அளவு பெரியது இருக்கிறதா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.