ஏறி இறங்கிய முள்

பள்ளத்து மேப்பிள் மரங்களின் சாறு மேட்டுக்கு ஏறாது என்று கனடாவின் கியூபெக் மாகாணமே திரண்டு வந்து சொன்னாலும் கிளோவிஸ் கேட்கிற ஆளில்லை. மெல்லிய குழாய்களை ஏணி மாதிரி நிமிர்த்திக் கட்டி, மேட்டுக் கொட்டகையில் பம்பு வைத்து உறிஞ்சி ஏற்றியே விட்டான்.

அன்று பேய்க்காற்று. காலையில் அந்தக் குழாய் ஏணியைப் பார்க்கப் போனவன் மதியமாகியும் திரும்பவில்லை. கொட்டகையில் சாற்றைப் பாகாகக் காய்ச்சிக்கொண்டிருந்த அவன் மனைவி ரோசாலி, பம்பின் உறிஞ்சுவிசையைக் காட்டும் அளவுமுள் சடாரென்று இறங்கியதைப் பார்த்தாள். குழாயில் எங்கோ காற்று புகுந்துவிட்டது. பிறகு முள் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

கொழுந்தன் ஆர்மெல் சிரித்தான். "அண்ணி, உங்க வீட்டுக்காரரு முள்ளை ஊஞ்சல் ஆட்டுறாரு பாருங்க. போய்ப் பாக்கட்டுமா?"

"பாகு பொங்குற நேரத்துல எங்க போற? விறகைப் போடு. ஏணி கட்டுன நாள்லேர்ந்து என் உசுரை வாங்குறாரு அந்த மனுசன்."

கடைசியில் முள் ஏறி அசையாமல் நின்றது.

"பாத்தியா, சரி பண்ணிட்டாரு" என்றாள்.

பாகை இறக்கிவிட்டுச் சூப்போடு பள்ளத்துக்குப் போனாள். முறிந்த மரம் கிளோவிஸின் நெஞ்சின்மேல் கிடந்தது. பம்பு இரைச்சலில் கத்தினால் கேட்காதென்று, அறுந்த குழாயின் வாயை விரலால் மூடி மூடித் திறந்து கூப்பிட்டிருக்கிறான். விறைத்துப்போன கட்டைவிரலைக் குழாய் இன்னும் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

ரோசாலி விரலைப் பிய்த்தெடுத்தாள். மேலே கொட்டகையில் முள் இறங்குவதைப் பார்த்து ஆர்மெல் சிரித்திருப்பான்.